தோள் கொடுப்பவரின் கழுத்து

ரக்பி விதிகளில் ஒன்றை வாசிக்கும்போதெல்லாம் அந்த விளையாட்டின் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது. இரண்டு அணியும் குனிந்து பிணைந்து தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசையில் நிற்கும் மூன்று பேரும் அந்த இடத்துக்கென்றே பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் அடிபட்டு வெளியேறி, அந்த இடத்தில் நிற்கப் பழகிய மாற்று ஆட்டக்காரர் கிடைக்கவில்லை என்றால், அதன் பிறகு இரண்டு அணியும் ஸ்க்ரமில் தள்ளவே கூடாது. குனிந்து பிணைந்து நிற்கலாம். பந்தை உள்ளே உருட்டிய அணியே அதை எடுத்துக்கொள்ளும். தள்ளுவதில் பலசாலியான அணிக்கு இதனால் ஆட்டமே கைநழுவிப் போகலாம். ரசிகர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் விதி விதிதான். பழகாத ஒருவரின் கழுத்தைப் பணயம் வைத்து யாரும் வெற்றி தேடக் கூடாது என்பதில் அந்த விளையாட்டு உறுதியாக நிற்கிறது.

இந்த ஸ்க்ரமின் பெயரைத்தான் இன்று உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் தினமும் சொல்கிறார்கள். அவர்களில் பலர் ரக்பி ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. இங்கிலாந்து மைதானத்திலிருந்து ஜப்பானியத் தொழிற்சாலைக்கும், அங்கிருந்து அமெரிக்க மென்பொருள் நிறுவனங்களுக்கும், பிறகு சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. அலுவலகங்கள் வரைக்கும் அது வந்து சேர்ந்த கதை நீளமானது. வழியில் எது கூடவே வந்தது, எது விடுபட்டது என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

முதலில் மைதானம். பந்தை முன்பக்கமாகத் தவறவிட்டாலோ முன்னோக்கி வீசினாலோ ஸ்க்ரம். சின்னத் தவறு நடந்த இடத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறை அது. அணிக்கு எட்டுப் பேர். முன்னால் மூவர்: நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் அவரைத் தாங்கும் பிராப்கள். பின்னால் லாக் எனப்படும் இரண்டு நெட்டையர்கள், முன்வரிசைக்காரர்களின் இடுப்புகளுக்கு நடுவே தலையை நுழைத்துத் தோளால் முட்டுக் கொடுப்பார்கள். பக்கவாட்டில் இரண்டு ஃபிளாங்கர்கள், கடைசியில் நம்பர் எய்ட். எதிரிலும் இதே போல எட்டுப் பேர். இரண்டு முன்வரிசையும் தலைகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளும்போது காதோடு காது உரசும். பல ஆண்டு ஆடியவர்களின் காது மடல் சுருங்கி வீங்கிப் போயிருப்பது அதனால்தான். வலப்பக்கப் பிராப்பின் தலை எதிரணியின் இரண்டு தலைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஹூக்கரின் கைகள் இரண்டும் பக்கத்திலிருப்பவர்களின் மேல் இறுகியிருக்கும். ஸ்க்ரம் சரிந்தால் கையூன்றக்கூட அவருக்கு வழியில்லை. தொழில்முறை ஆட்டத்தில் ஒரு பக்கத்து எட்டுப் பேரின் எடை மட்டும் ஏறக்குறைய 900 கிலோ.

எடை இருந்தால் மட்டும் போதாது. 1960களின் இறுதியில் அர்ஜென்டினாவின் சான் இசிட்ரோ கிளப்பில் பிரான்சிஸ்கோ ஒகாம்போ என்ற பயிற்சியாளர் தன் ஆட்களுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். எட்டுப் பேரும் ஒரே கணத்தில், ஒரே மூச்சில் தள்ள வேண்டும். யாரும் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அதன் பிறகு தன்னைவிட உடல்கட்டு மிகுந்த அணிகளை அர்ஜென்டினா ஸ்க்ரமில் திணறடித்தது. பின்னால் நிற்பவர் கொடுக்கும் விசை முன்னால் நிற்பவரின் முதுகெலும்பு வழியாகத்தான் எதிரணிக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே பின்னால் இருப்பவர் அவசரப்பட்டால் ஒடிவது முன்னால் இருப்பவர்தான்.

இந்த உண்மையை உணர ரக்பிக்கே நூறாண்டுக்கு மேல் பிடித்தது. 1871 ஜனவரியில் லண்டனில் ரக்பி யூனியன் அமைந்தபின், எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்றே உதைப்பதைத் தடை செய்தார்கள். அதற்கு முன்பு அது வீரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் எடின்பரோவில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் அணிக்கு 20 பேர்; பெரும்பாலோர் ஒரே குவியலாக முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். 1877-ல் 15 பேராகக் குறைந்தது. ஆனால் ஸ்க்ரமின் ஆபத்து வெகுகாலம் அப்படியே இருந்தது. இரண்டு அணிகளும் இடைவெளி விட்டு நின்று, ஓடிவந்து மோதுவது போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. கழுத்தெலும்பு முறிந்து, வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் முடங்கிய இளைஞர்கள் பல நாடுகளில் உண்டு.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. நியூசிலாந்தில் 2001 முதல் பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பயிற்சியில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆக்கினார்கள். முந்தைய ஆண்டுகளின் கணக்குப்படி அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஸ்க்ரமினால் ஒன்பது முதுகுத்தண்டுக் காயங்கள் நேர்ந்திருக்க வேண்டும். நேர்ந்தது ஒன்றுதான். 2013-ல் உலக அளவில் நடுவரின் கட்டளை முறையே மாறியது: குனி, பிடி, பிறகுதான் முட்டு. மோதுவதற்கு முன்பே இரு தரப்புப் பிராப்களும் ஒருவரையொருவர் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். இதனால் மோதும் விசை சுமார் கால்பங்கு குறையும் என்று பாத் பல்கலைக்கழக ஆய்வு கணித்திருந்தது. ஆட்டம் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இனி ஜப்பான். 1899-ல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பிராம்வெல் கிளார்க்கும் கின்னோசுகே தனாகாவும் மாணவர்களுக்கு ரக்பி கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் கோபே ஸ்டீல், தோஷிபா போன்ற நிறுவனங்களே அணிகளை வைத்து நடத்தின. பகலில் தொழிற்சாலையிலும் மாலையில் மைதானத்திலும் ஒரே ஆட்கள். ஆகவே 1986-ல் ஹிரோதாகா தாகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரண்டு பேராசிரியர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரைக்கு ரக்பியை உவமையாக எடுத்தது இயல்பான விஷயம். புதிய பொருளை உருவாக்கும் வேலை அதுவரை தொடர் ஓட்டம் போல நடந்தது. சந்தைப் பிரிவு தன் பகுதியை முடித்து வடிவமைப்பாளரிடம் கோலைக் கொடுக்கும். அவர் பொறியாளரிடம் கொடுப்பார். அவர் உற்பத்திக்குக் கொடுப்பார். அப்படியல்லாமல் முழு அணியும் பந்தைக் கைமாற்றிக்கொண்டே மைதானத்தின் நீளத்துக்கும் சேர்ந்து நகர்வதை அவர்கள் ஹோண்டா, கேனன், ஃபியூஜி ஜெராக்ஸ், என்.இ.சி. நிறுவனங்களில் கண்டார்கள்.

ஹோண்டா சிட்டி காரின் கதை அதில் வருகிறது. 1970களின் இறுதியில், பழைய மாடல்களின் செல்வாக்குக் குறைந்துவந்த நேரம். சராசரி வயது 27 உள்ள இளைஞர் குழுவிடம் நிர்வாகம் இரண்டே இரண்டு நிபந்தனை போட்டது: இதுவரை இல்லாத மாதிரி கார் வேண்டும், அது மட்டமாக இல்லாமல் விலை குறைவாக இருக்க வேண்டும். குழு முதலில் கொண்டுவந்தது பழைய சிவிக் காரின் சின்ன வடிவம். அதை வேண்டாம் என்று வைத்துவிட்டுத் தொடர்ந்து விவாதித்து, கட்டையும் உயரமுமான ஒரு காரை அவர்களே கண்டுபிடித்தார்கள். 1981-ல் அது சாலைக்கு வந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்று மேலிருந்து யாரும் சொல்லவில்லை. பணம் கொடுத்தார்கள், சரியான ஆட்களைக் கொடுத்தார்கள், பிறகு விலகி நின்றார்கள். கட்டுரையின் உயிர்நாடி இதுதான்: தள்ளுகிறவர்களிடமே முடிவும் இருக்க வேண்டும்.

அதே கட்டுரையில் இன்னொரு பகுதி உண்டு. மேலாண்மை வகுப்புகளில் அதைச் சொல்லிக் கேட்டது அரிது. இந்த முறைக்கு அசாதாரண உழைப்புத் தேவை என்று ஆசிரியர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உச்சக் கட்டத்தில் மாதம் 100 மணி நேரமும் மற்றக் காலத்தில் 60 மணி நேரமும் கூடுதல் வேலை பார்த்தவர்கள் உண்டு என்று கணக்கும் தருகிறார்கள். 15 ஆண்டு கழித்து, 2001-ல், ஜப்பான் தொழிலாளர் அமைச்சகம் அதிக வேலையால் நேரும் மரணத்துக்கு, அங்கே கரோஷி என்கிறார்கள், அளவுகோல் ஒன்றை வகுத்தது. மாரடைப்போ மூளை ரத்தக்கசிவோ வந்தவர் அதற்கு முந்தைய மாதத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை பார்த்திருந்தால், வேலைக்கும் சாவுக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று அரசு ஏற்கும். வெற்றிக் கதையில் வந்த அதே எண், சாவுக் கணக்கிலும் எல்லைக்கோடாக வந்து நின்றது. 2018-ல் சட்டம் திருத்தி, 2019 ஏப்ரல் முதல் கூடுதல் வேலைக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொது வரம்பு கட்டினார்கள். நெருக்கடி மாதங்களுக்கு விலக்கு இருக்கிறது. அப்போதும் 100-ஐத் தொடக் கூடாது. போதாது என்று சொல்வோர் அங்கேயே உண்டு. ஆனாலும் ஒரு வரம்பு எழுதப்பட்டுவிட்டது.

மென்பொருள் உலகில் அப்போது வேறொரு தலைவலி. ஒவ்வொரு கட்டமாக, அருவி இறங்குவது போல வேலையைத் திட்டமிடும் பழக்கம் ஊறியிருந்தது. அதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வின்ஸ்டன் ராய்ஸ், அந்தப் படத்தை வரைந்த கையோடு, இப்படியே செய்தால் தோல்வியில் முடியும் என்று எச்சரித்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். ஸ்க்ரமுக்கும் அதே கதி நேர்ந்ததைத்தான் நான் வருத்தத்தோடு பார்க்கிறேன்.

1993-ல் ஈசல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் ஜெஃப் சதர்லேண்ட் முதல் ஸ்க்ரம் குழுவை அமைத்தார். வியட்நாம் போரில் விமானம் ஓட்டியவர், பிறகு மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்தவர். ஜப்பானியப் பேராசிரியர்களின் கட்டுரை அவருக்கு அடிப்படை. தினமும் கூடிப் பேசும் பழக்கத்துக்கு போர்லாண்ட் நிறுவனத்தின் குவாட்ரோ புரோ குழு முன்மாதிரி. அந்தக் குழுவினர் கூடியது நிரலின் அமைப்பைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள. 1995-ல் ஆஸ்டினில் நடந்த மாநாட்டில் கென் ஷ்வாபர் இந்த முறையைக் கட்டுரையாக வைத்தார். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் 17 பேர் கூடி, ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதன் 12 கொள்கைகளில் ஒன்று, எவ்வளவு காலமானாலும் தளராமல் தொடரக்கூடிய வேகத்தில் வேலை நடக்க வேண்டும் என்கிறது. அந்த 17 பேரில் ஒருவரான கென்ட் பெக், தன் முறையில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை என்று அதற்கு முன்பே எழுதியிருந்தார்.

ஸ்க்ரம் நல்ல முறை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற எடுத்த முதல் முயற்சியை 17 கோடி டாலர் செலவழித்தபின் 2005-ல் கைவிட்டது. அடுத்து சென்டினல் என்ற திட்டம் வந்து, அதுவும் இழுத்தடித்தது. 2010-ல் வேலையை ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து எடுத்துத் தன் பொறுப்பில் சிறு குழுவிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நிரலைக் காட்டி, திருத்தி, மீண்டும் எழுதி, 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதிகாரமும் பொறுப்பும் ஒரே கையில் வந்ததால் நடந்த வேலை அது.

இந்த அதிகாரம் என்பது என்ன என்று ஸ்க்ரமின் சொந்த மைதானத்திலேயே பார்க்கலாம். 2015 செப்டம்பர் 19, இங்கிலாந்தின் பிரைட்டன். ரக்பி உலகக் கோப்பையில் ஜப்பான், அதுவரை இருமுறை பட்டம் வென்றிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆடுகிறது. அதற்கு முன் எல்லா உலகக் கோப்பைகளிலும் சேர்த்து ஜப்பான் வென்றது ஒரே ஆட்டம். 1995-ல் நியூசிலாந்திடம் 145-17 என்று தோற்ற அணி அது. கடைசி நிமிடம், 29-32 என்று பின்தங்கிய நிலையில் பெனால்டி கிடைக்கிறது. கம்பத்துக்குள் உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன். அந்த மூன்று புள்ளியை எடுக்கத்தான் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் விரும்பினார். பின்னர் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் களத்தில் நின்ற கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார். பிரெஞ்சுப் பயிற்சியாளர் மார்க் தால் மாசோ அந்த எட்டுப் பேருக்கும் நாள் தவறாமல் கொடுத்த பயிற்சி லீச்சுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர்களின் மூச்சில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்பதும் தெரியும். எட்டுப் பேரும் பிணைந்து நின்றார்கள். பந்து வலப்பக்கம் போய், இடப்பக்கம் திரும்பி, கோட்டோரம் ஓடிவந்த கார்ன் ஹெஸ்கெத் கைக்குச் சேர்ந்தது. 34-32. மாடத்தில் உட்கார்ந்திருந்தவரின் முடிவை மீறித் தள்ளுகிறவர்கள் எடுத்த முடிவு அது.

நம் ஊர் ஐ.டி. அலுவலகங்களில் அந்த முடிவு யார் கையில் இருக்கிறது? தினமும் கூடிப் பேசும் ஸ்டாண்ட்-அப் இருக்கிறது, பெரும்பாலும் இரண்டு வாரத் தவணையான ஸ்பிரின்ட் இருக்கிறது, தவணை முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ இருக்கிறது, வேலையைக் கணக்கு வைக்கும் ஜிராவில் டிக்கெட் நகர்கிறது. ரிலீஸ் தேதியோ கிளையன்ட்டிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஸ்டோரி எனப்படும் ஒரு வேலைத் துண்டுக்கு எட்டு பாயின்ட் உழைப்பு வேண்டும் என்று டெவலப்பர் சொன்னால், ஐந்தில் முடியாதா என்று மேலே இருப்பவர் கேட்கிறார். ஐந்து என்றே எழுதப்படுகிறது. மீதி மூன்றுக்கான நேரம் சனிக்கிழமையிலிருந்து எடுக்கப்படுகிறது. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடை என்ற மூன்று கேள்விகளைக் ஸ்டாண்ட்-அப்பில் குழுவினர் ஒருவருக்கொருவர் கேட்க வேண்டும் என்பதே முன்பிருந்த முறை. நடைமுறையில் மேனேஜருக்கு ஒப்புவிக்கிறார்கள். சதர்லேண்டும் ஷ்வாபரும் வெளியிடும் ஸ்க்ரம் வழிகாட்டி 2020-லேயே அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டது. ஸ்பிரின்டில் எடுத்துக்கொள்ளும் வேலையை வாக்குறுதியாகக் கருத வேண்டாம், கணிப்பாகவே கொள்ளுங்கள் என்று 2011-லேயே திருத்திவிட்டது. எவ்வளவு வேலை, எப்படிச் செய்வது என்பதெல்லாம் டெவலப்பர்களின் தீர்மானம் என்றும் சொல்கிறது. இவை எதுவும் பல அலுவலகங்களின் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வழிகாட்டியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு ஸ்பிரின்ட் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்க வேண்டும் என்கிறது அது. 80 நிமிட ஆட்டத்தில் ஸ்க்ரம் பத்துப் பதினைந்து முறைதான், ஒவ்வொன்றும் சில நொடிகள். ஆட்டம் முடிந்தால் உடம்பு தேற நாட்கள் உண்டு. மென்பொருளில் ஆண்டுக்கு 26 ஸ்பிரின்ட், ஒன்றின் வாலை அடுத்தது பிடித்துக்கொண்டு வருகிறது. முன்வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கிய ஸ்க்ரம் மாஸ்டர்தான் பாதுகாவல். குழுவின் மேல் விழும் அழுத்தத்தைத் தடுக்க வேண்டிய அவருக்கு, தடுக்கும் அதிகாரத்தை யாரும் கொடுப்பதில்லை.

கர்நாடகத்தில் 2024 ஜூலையில் ஐ.டி. ஊழியர்களின் வேலைநாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் யோசனை எழுந்து, ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. இன்னும் எந்தத் திசையில் யோசிக்கிறோம் என்பதற்கு அது போதும். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30 அல்லது 7.30. பகல் வேலை முடித்து வீட்டுக்கு வந்தவர், சமையலறை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பேசும் அந்த அழைப்பு பெரும்பாலும் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத நேரத்துக்குச் சட்டம் என்ன செய்யும்?

குழுக்களை நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். டெவலப்பர் எட்டு என்று சொன்னால் எட்டு என்றே எழுதுங்கள். தேதி கொடுப்பதற்கு முன் குழுவைக் கேளுங்கள். நான்கைந்து ஸ்பிரின்ட்டுக்கு ஒருமுறை, புதிய வேலை எதுவும் சேராத ஒரு வாரம் விடுங்கள். தொழிலாளர் துறையும் ஊழியர் சங்கங்களும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இரவு அழைப்பையும், வார இறுதி ரிலீஸையும், வீட்டிலிருந்து பார்க்கும் அவசர வேலையையும் வேலை நேரமாகப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குங்கள். ஜப்பானியப் பேராசிரியர்களின் கட்டுரை வெளிவந்து, அதில் இருந்த 100 மணி நேரத்துக்கு ஜப்பான் சட்டத்தில் கோடு போட 33 ஆண்டுகள் ஆயின. நம்மிடம் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நேரத்தை எழுதத் தொடங்குவதுதான் பாக்கி.